இலிஷ் மீனும் இறாலும்

கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய பந்தயத்தில் வென்றது யார் என்று அறியப் பத்திரிகையைப் புரட்ட வேண்டாம், மீன் கடைக்குப் போனால் போதும் என்பார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனுக்குக் கிராக்கி. மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்கு. கிழக்கு வங்கத்தான் நாக்குக்கு இலிஷ், மேற்கு வங்கத்தான் நாக்குக்கு இறால் என்பது அங்கே கணக்கு. மேற்கத்தியானைக் 'கோட்டி' என்றும் கிழக்கத்தியானைப் 'பாங்கால்' என்றும் அழைப்பார்கள். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். வங்காளியிலோ அது சொம்பைக் குறிக்கும் சொல். ஆனாலும் பந்தய நாளன்று மட்டும் எங்கள் ஊர் அர்த்தம் இரு தரப்புக்குமே பொருந்தும்!

மோகன் பகான் மூத்தது. 1889 ஆகஸ்ட் 15-ல் பிறந்தது. 1905-ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டிய புண் ஆறாதிருந்த வேளையில், 1911 ஜூலை 29 அன்று, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்தை 2-1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை அது பறித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். மைதானத்தை நெருங்க முடியாத ஜனங்களுக்குக் காற்றாடி விட்டுக் கோல் கணக்குச் சொன்னார்களாம். அன்று ஆடியவர்களில் பலர் கிழக்கு வங்கத்தில் வேர் கொண்டவர்கள் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே வெள்ளைக்காரன் நின்றவரை கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, எல்லோரும் வங்காளிகள்தாம்.

பங்காளிச் சண்டை 1920-ல் வந்தது. ஜோராபகான் என்ற கழகம், மோகன் பகானோடு ஆடவேண்டிய பந்தயத்தில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஒதுக்கி வைத்தது. அவர் கிழக்கத்தியார் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று பேச்சு எழுந்தது. கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். அந்த ஆகஸ்ட் முதல் தேதியே ஈஸ்ட் பெங்கால் உதயமாயிற்று. பந்தியில் இலை மறுக்கப்பட்டவன் தனியாக அடுப்பு மூட்டிய கதைதான். 1925 மே 28-ல் லீக் பந்தயத்தில் இரு கழகங்களும் முதன்முதலாகச் சந்தித்தபோது, நேபாள் சக்ரவர்த்தி போட்ட ஒரே கோலில் புது அடுப்பு வென்றது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வெறும் விளையாட்டுக் கதை. 1947-ல் தேசம் பிளந்தபோது, ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரில் இருந்த ஊர்களெல்லாம் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. வீடு, குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கானவர்கள் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். ரயிலடிப் பிளாட்பாரத்திலும், தெற்கே ஜாதவ்பூர்ப் பக்கத்து ஓலைக் குடிசைகளிலும் ஒண்டினார்கள். 'எங்கள் ஊர்' என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு மிஞ்சியது, சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை போட்ட பதினொரு பேர்தான். ஊருக்கு ஒரு கழகம் இருப்பது உலக வழக்கம். கழகமே ஊராக நின்ற அதிசயத்தை நான் இங்கேதான் காண்கிறேன்.

அந்த அகதிகளின் மானத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. 1949 முதல் 1951 வரை மூன்று வருஷம் தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால் கேடயத்தை வென்றது. அப்போது முன்வரிசையில் ஆடியவர்கள் சாலே, அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ். பஞ்ச பாண்டவர் என்றே ஜனங்கள் அவர்களைக் கொண்டாடினார்கள். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை; எல்லோரும் தென்னாட்டவர்! அகமது கான் பெங்களூர்க்காரர், சாலே மலையாளி, அப்பாராவ் ஆந்திரர். பத்மா நதியைக் கண்ணால் கண்டிராத கால்கள், பத்மா நதியை இழந்தவர்களுக்காக ஓடின. பெற்றால்தான் பிள்ளையா?

இந்தக் கதை என்னை உலுக்குவதற்குக் காரணம் எங்கள் மண். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மழையை நம்பிய பூமி. கண்மாய் நிரம்பாத வருஷங்கள் எங்கள் ஜனங்களைச் சிலோனுக்கும் பர்மாவுக்கும் துரத்தின. பர்மாவுக்குப் போனவர்களை 1942-ல் ஜப்பான்காரன் குண்டு திருப்பித் துரத்தியது. இன்னொரு பக்கம், எங்கோ கன்னட தேசத்திலிருந்து வந்து அருப்புக்கோட்டையில் தறி போட்ட தேவாங்கர்கள், எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறார்கள், சௌடாம்பிகையைக் கும்பிடுகிறார்கள். வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவில் கிடக்கிற மண் இது. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் படித்த காலத்தில் கால்பந்தில் பிரியமுள்ள பிள்ளை. 1896-ல் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷி ஆனார். வீடு வாசலைத் துறந்தவரையும் திருச்சுழி இன்னும் 'எங்கள் ஊர்ப் பிள்ளை' என்றுதான் சொல்கிறது. மனிதன் ஊரை விட்டாலும் ஊர் மனிதனை விடுவதில்லை.

இந்தப் பற்றை நான் முழுக்கப் புகழ மாட்டேன். 1980 ஆகஸ்ட் 16-ல், ஈடன் கார்டன் மைதானத்தில் இதே இரு கழகங்களின் பந்தயத்தில் கலகம் மூண்டு 16 பேர் மாண்டார்கள். பந்துக்குப் போன பிள்ளை பிணமாகத் திரும்பிய வீட்டில், அவன் கோட்டியா பாங்காலா என்று யார் கேட்டிருப்பார்கள்? ஊர்ப்பற்று அடுப்பு நெருப்பைப் போன்றது. சோறும் ஆக்கும், கூரையையும் எரிக்கும்.

ஆனால் அடுப்பை அணைத்துவிடுவதும் வழியல்ல. 1997 ஜூலை 13-ல் சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. மூன்று கோல் போட்டவர் சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா. தேசம் பிளந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. அங்கே தொண்டை கிழியக் கத்திய இளைஞர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்தை மிதித்ததே இல்லை. பாட்டி சொன்ன கதையிலும், பந்தயம் ஜெயித்த இரவில் வாணலியில் பொரிந்த இலிஷ் மீனின் மணத்திலும்தான் அவர்கள் தங்கள் ஊரைக் கண்டிருந்தார்கள்.