கல்வெட்டு: பாறையிலிருந்து அந்தியேட்டி வரை

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு சாவீட்டில் "கல்வெட்டு அச்சுக்குக் குடுத்தாச்சா?" என்று யாராவது கேட்டால் எவரும் வியப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் திகைத்துப்போவார். அவருக்குக் கல்வெட்டு என்பது கோயில் மதிலிலோ பாறையிலோ உளியால் செதுக்கிய எழுத்து. இங்கோ அது முப்பத்தோராம் நாள் உறவினர் கையில் கொடுக்கும் மெல்லிய புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்று இருக்கும். காகிதத்துக்குக் கல்லின் பெயர் எப்படி வந்தது? அந்த வழியைத் திருகோணமலையிலேயே தேடலாம். அந்தச் சொல்லின் ஒவ்வொரு பருவமும் இந்தத் துறைமுக மாவட்டத்தில் தடம் விட்டிருக்கிறது.

முதலில் கல். நிலாவெளியிலும் மானாங்கேணியிலும் கிடைத்த சோழர் காலச் சாசனங்கள் திருகோணமலைச் சிவன் கோயிலை மச்சகேசுவரம் என்ற பெயரால் குறிக்கின்றன. பெரியகுளத்துப் பௌத்தப் பள்ளி இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, அதற்கு விளக்கும் பசுவும் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழில் தாங்கி நிற்கிறது. செ. குணசிங்கமும் சி. பத்மநாதனும் இவற்றைப் படித்து வெளியிட்டார்கள். இவற்றில் பெரும்பாலானவை கொடை ஆவணங்கள். யார், யாருக்கு, எதை, எந்த ஆண்டில் கொடுத்தார், அதைக் காப்பது யார் பொறுப்பு என்பதே செய்தி. அந்நாளில் ஒரு முடிவு நிலைத்ததென்றால் அதைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தார்கள். வினையாக வழங்கிய 'கல்லில் வெட்டுதல்' பெயராகத் திரண்டு கல்வெட்டு ஆயிற்று.

அந்தக் கொடைக் கற்களுள் ஒன்று என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். கந்தளாய்ப் பகுதியில் பாலமோட்டையில் கிடைத்த அந்தச் சாசனம் முதலாம் விசயபாகு மன்னன் காலத்தது. கணவனை இழந்த பிராமணப் பெண் ஒருத்தி, அவன் பொருட்டுக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அறம் செய்கிறாள். அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்படுகிறது. வடிவத்தில் அது கோயில் ஆவணம். உள்ளே இருப்பது ஒரு மனைவியின் நினைவு. இந்த மாவட்டத்தில் கல்வெட்டும் சாவீடும் ஒன்றையொன்று தொட்டது அச்சு வந்த பிறகு நடந்த புதுமை அல்ல. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே அவை அருகருகே இருந்தன.

தமிழ்நாட்டின் நடுகற்கள் இந்த உறவை இன்னும் தெளிவாகக் காட்டும். தொல்காப்பியம் கல் எடுக்கும் முறையை ஆறு படிகளாக வகுக்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, அதற்கு நாள் கொள்வது, நீரில் ஆட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. ஆறும் உயிரோடிருப்பவர்கள் செய்யும் வேலைகள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்பிராமி நடுகல் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடுகளின் பொருட்டு இறந்த வீரனோடு, அவனுடைய கோவிவன் என்ற நாயும் அதில் பெயர் பெற்றிருக்கிறது. அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஊரைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்குப் புலிகுத்திக்கல், பன்றியோடு பொருதவனுக்குப் பன்றிகுத்திக்கல். இப்படி இறந்தவனின் வீட்டாருக்கு நிலம் விட்டதும் உண்டு. அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் பெயர். உதிரமும் நெய்த்தோரும் குருதியைக் குறிக்கும் சொற்கள். கல் நட்டதோடு ஊரின் கடன் தீரவில்லை. விட்டுப்போன பிள்ளைகள் உண்ண வழி செய்ததும் நினைவுகூரலின் பகுதியாக இருந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி, செங்கம் வட்டாரங்களில் இந்தக் கற்களுக்கு இன்றும் பூசை நடக்கிறது. அங்கே அவற்றின் பெயர் வேடியப்பன். காட்டில் திரிந்தவன், படையில் நின்றவன், பிள்ளைகளுக்கு அப்பன் என மூன்று நிலையும் அந்த வழிபாட்டில் ஒருவனிடமே கூடுகின்றன.

நடுகல் மரபு நம் பக்கத்துக்கு வேறொரு வழியாகவும் வந்தது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று அதே படிகளின் பெயரால் காதைகளை அமைத்துக் கண்ணகிக்குக் கல் நடுகிறது. அந்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாகவும் காப்பியம் சொல்கிறது. இன்று தம்பலகாமத்துக்கு அருகே பாலம்போட்டாற்றில் அவள் பத்தினியம்மனாக இருக்கிறாள்.

அடுத்த பருவம் ஏடு. திருகோணமலைக்காரரிடம் கல்வெட்டு என்றால் பலருக்கு முதலில் நினைவில் வருவது கோணேசர் கல்வெட்டு. கவிராசவரோதயன் பாடியதாகச் சொல்லப்படும் அந்த நூல் எந்தக் கல்லிலும் வெட்டப்பட்டதல்ல. பாட்டும் உரையுமாக ஏட்டில் வாழ்ந்து பின்னர் அச்சேறியது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோயில் கட்டியதையும், குளம் கட்டிக் குடிகளை இருத்தியதையும், தானத்தார், வரிப்பத்தார் என்று தொழும்புகளை வகுத்ததையும் அது சொல்கிறது. யாருக்கு எந்தக் கடமை, யாருக்கு எந்த உரிமை என்பதே அதன் உயிர். மட்டக்களப்புப் பக்கத்திலும் கோயில் உரிமையையும் குடி வரலாற்றையும் சொல்லும் பாடல்களுக்குக் கல்வெட்டு என்ற பெயர் உண்டு. இங்கே சொல் தன் பொருளைக் கழற்றிவிட்டுத் தன் தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டது. கல் போய்விட்டது, மாறாமை நின்றுவிட்டது. ஊரறியச் சொல்லி எவரும் மறுக்கமுடியாதபடி பதிந்த வரலாறு எதுவோ, அது எதில் எழுதப்பட்டாலும் கல்வெட்டு. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கல் அழிந்த ஊரில் ஏடே கல்லின் வேலையைச் செய்தது.

கோயிலின் வரலாற்றுக்கு ஆகிய பெயர் வீட்டாளின் வரலாற்றுக்கும் ஆனது. புலவர் ஒருவரைக் கேட்டு, இறந்தவரின் குடி, பிறப்பு, கல்வி, மணம், மக்கள், மறைவு எல்லாவற்றையும் விருத்தத்திலும் வெண்பாவிலும் பாடுவிப்பார்கள். சரமகவி என்ற பெயரும் இதற்கு உண்டு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று ஒவ்வோர் உறவின் குரலிலும் பாட்டு வரும். கடைசியில் தேற்றம். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கும் ஒரே வெண்பாவுக்குள் அடங்கும். வருடந்தோறும் திவசத்துக்கு நாள் பார்க்க அந்த வெண்பாவே போதும். அழுகையும் ஆவணமும் ஒன்றாகிய இடம் அது. இறுதி வேள்வி என்று பொருள்படும் அந்த்யேஷ்டி என்ற வடசொல் நம் வாயில் அந்தியேட்டி ஆகி, முப்பத்தோராம் நாளோடு ஒட்டிக்கொண்டது. திருகோணமலைச் சைவர்கள் அதற்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நாடுவார்கள். இராவணன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்பது அந்தக் கிணறுகளின் கதை. கிரியை முடிந்து வீடு திரும்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ கல்வெட்டு கைக்கு வரும். ஊரூராய்ச் சேர்ந்த இந்தப் புத்தகங்களை நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேமித்துவருகிறது. அரச பதிவேடுகள் சொல்லாத இடப்பெயர்வும் குடிவழியும் தொழிலும் இவற்றில் கிடக்கின்றன.

இந்தத் துறைமுகத்தில் பிறர் நட்ட கற்களும் நிறைய. சுவாமி மலையின் தூண் ஒன்றில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டன. காதலனை ஏற்றிய கப்பல் போவதைப் பார்த்து அவள் குதித்தாள் என்ற கதையை ஊர் அதன்மேல் ஏற்றிவிட்டது. வாழ்க்கையை எழுதாமல் விட்ட கல்லில் கதை முளைக்கும் என்பதற்கு அது சான்று. நகரத்து மயானத்தில் ஜேன் ஒஸ்டின் என்ற நாவலாசிரியையின் தம்பி ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். 1852 இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தவர். கல்லறை நமக்குக் காட்டுவது முதிய கடற்படைத் தலைவரை. ஆனால் 1814 இல், 35 வயதில், கப்பலிலேயே குடும்பத்தோடு வாழ்ந்த அவர், பிள்ளைப்பேற்றை ஒட்டி மனைவியை இழந்து, மூன்று சின்னப் பெண்பிள்ளைகளோடு நின்றார். அந்த இளந்தகப்பனை நமக்குத் தெரிவிப்பவை குடும்பத்தாரின் கடிதங்கள். கல்லுக்கு இடம் போதாது.

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர் மயானம் இருக்கிறது. பதவியில் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே வடிவ அடையாளங்கள். பெயர், படைப்பிரிவு, நாள், வயது, குடும்பத்தார் விரும்பினால் ஒரு சிறு வாசகம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கி 307 பேர் இறந்தார்கள். கடலோடு போனவர்களின் பெயர்கள் இங்கிலாந்துத் துறைமுக நகரங்களின் நினைவுச் சின்னங்களில் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் தகப்பன்மார், யார் மீன் பிடிப்பதில் சூரன், யார் மலையேறி என்பதற்கு அங்கே வரி இல்லை.

எங்கள் உள்நாட்டுப் போர் பழைய சொற்களுக்குப் புதிய வாழ்வு தந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இறந்தவரின் உடல் வித்துடல் ஆயிற்று. புதைத்தல் விதைத்தல் ஆயிற்று. உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நடுகல் அல்லது நினைவுக்கல். சம்பூர் ஆலங்குளத்திலும் இந்தக் கல்லறைகளுக்கான துயிலுமில்லம் ஒன்று இருந்தது. எதிர்த்தரப்பில் நின்று இறந்தவர்களுக்கும் தெற்கில் ஊரூராய்த் தூண்கள் எழுந்தன. இரு பக்கமும் களத்தில் பட்டவரையே கல்லில் ஏற்றின. பழைய நடுகல்லும் அப்படித்தான், 'பட்டான்' என்ற வினையே அதன் வாசகத்தில் பெரும்பாலும் வரும்.

பட்டுப்போகாமல் திரும்பி வந்தவனுக்கு என்ன சொல்? 2009 இல் போர் முடிந்த பிறகு 'முன்னாள் போராளி' என்ற தொடர் பேச்சில் ஊன்றிவிட்டது. அரச படையிலிருந்து விலகியவர் 'முன்னாள் படைவீரர்'. இரண்டும் ஒரு மனிதனை அவன் விட்டுவந்த நாளோடு கட்டிப்போடும் சொற்கள். அவன் வீட்டுக்கு வந்தபின் செய்ததெல்லாம் அவற்றுக்கு வெளியே நிற்கிறது. கலியாணம் கட்டினான், கொட்டியாரக் குடாவிலோ தம்பலகாமக் களப்பிலோ வலை போட்டான், பருவத்தில் காட்டுக்குப் போய்ப் பாலைப்பழமும் தேனும் கொண்டுவந்தான், பிள்ளையைத் தோளில் வைத்துக் குளக்கட்டில் நடந்தான். இப்படிப்பட்ட ஒருவன் பழைய காயத்தாலோ நோயாலோ விபத்தாலோ இளவயதில் போய்விட்டால் அவனுக்கு நடுகல் இல்லை. அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே கல் காகிதக் கல்வெட்டுத்தான்.

அங்கேதான் ஒரு குறை நிற்கிறது. கல்வெட்டின் அமைப்பு நீண்ட வாழ்வுக்கும் உத்தியோகத்துக்கும் பழகியது. கற்ற பள்ளி, வகித்த பதவி, பெற்ற இடமாற்றம், ஓய்வு, பேரப்பிள்ளைகள் என்று அது ஓடும். முப்பத்தைந்து வயதில் இறந்த தகப்பனிடம் இவற்றில் பாதி இராது. உடனே எழுதுபவர் 'பண்பாளர், பாசமிக்கவர், எல்லோருக்கும் உதவியவர்' என்று யாருக்கும் பொருந்தும் வார்த்தைகளால் பக்கத்தை நிரப்புகிறார். போருக்குள் போய்வந்த ஆண்டுகளை அச்சத்தால் ஒரே வரியில் தாண்டுகிறார். அப்பா போகும்போது மூன்று வயதாயிருந்த பிள்ளை பதினைந்து வயதில் அந்தப் புத்தகத்தைத் திறக்கும். அதில் தன் அப்பாவைக் காணாது.

முன்னோர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். எடுத்தனூரில் உளி பிடித்தவர் நாயின் பெயரையும் விடவில்லை. கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உழைக்கவேண்டியிருந்த காலத்தில் அதை எழுதினார்கள். நமக்கோ காகிதம் மலிவு. இலங்கையின் வேடர்களிடமும் கற்க இருக்கிறது. 1911 இல் வேடரைப்பற்றி நூல் எழுதிய செலிக்மன் இணையர், அண்மையில் இறந்த உறவினரை வேடர்கள் 'நே யக்கு' என்று அழைத்துப் படைப்பதைப் பதிந்தார்கள். வேட்டைக்கும் தேனுக்கும் துணைவருபவராக, நேற்றுவரை தம்மோடு காட்டில் நடந்த ஆளாகவே இறந்தவரை அழைக்கும் வழக்கம் அது.

ஆகவே இளவயதில் இறந்த தகப்பனுக்குக் கல்வெட்டு எழுதுபவரிடம் சில கேள்விகளை வைக்கிறேன். கச்சான் காற்றில் அவர் எந்தப் பக்கம் வலை போட்டார்? வாடைக்காலத்தில் என்ன வேலை செய்தார்? எந்த மரத்தை, எந்தப் பறவையின் குரலைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தார்? யாரோடு காட்டுக்குப் போனார், அவருடைய நாயின் பெயர் என்ன? சீருடை அணிந்த ஆண்டுகள் எவை, அவற்றைப்பற்றி வீட்டில் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார்? பிள்ளையை எந்தச் செல்லப்பெயரால் கூப்பிட்டார்? இவற்றை மனைவியிடமும் தாயிடமும் கூட்டாளிமாரிடமும் அந்த முப்பது நாளுக்குள் கேட்டு எழுதவேண்டும். பிறகு கேட்டால் ஞாபகம் மெலிந்திருக்கும்.

உதிரப்பட்டியையும் மறக்கக்கூடாது. கல்வெட்டு அச்சிடச் செலவாகும் பணத்தோடு, பிள்ளையின் படிப்புக்கென்று உறவினரும் ஊரவரும் ஒரு தொகையை வைப்பிலிட்டு, அதை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் அதே புத்தகத்தில் பெயரோடு எழுதலாம். பாலமோட்டைக் கல் அப்படித்தான் எழுதப்பட்டது: இறந்தவருக்காக ஓர் அறம், அதைக் காக்க ஒரு பொறுப்பாளி. ஒரு மனிதனின் வாழ்வும் அவன் பிள்ளைகள்மேல் ஊருக்குள்ள கடனும் சேர்ந்து எழுதப்பட்டால், இந்தச் சின்னப் புத்தகம் தன் பெயருக்குத் தகும்.