மூன்று திரை, ஒரு ஸ்டீயரிங்: ஒரு சின்ன வரலாறு

மூன்று திரைகளை ஒட்டி வைத்து ஒரே காட்சியாகக் காட்டும் ஆசை, வீடியோ கேம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. அந்த ஆசைக்கு உருவம் கொடுத்தவர் ஃப்ரெட் வாலர் என்ற அமெரிக்கர். பாரமவுண்ட் ஸ்டூடியோவில் தந்திரக் காட்சிகள் எடுத்தவர். 1925-ல் தண்ணீரில் சறுக்கிப்போகும் பலகைக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவர்தான். (இந்த மாதிரி ஆட்களுக்குத் தூக்கம் எப்போது வரும் என்று தெரியவில்லை.)

வாலரைக் குடைந்த விஷயம் இதுதான். சினிமாத் திரை ஒரு ஜன்னல் மாதிரி நமக்கு நேரே தொங்குகிறது. ஆனால் நம் கண்கள் பார்ப்பது அவ்வளவுதானா? தலையைத் திருப்பாமலே இரண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 180 டிகிரி நமக்குத் தெரிகிறது. நாம் ஓர் இடத்துக்குள் 'இருக்கிறோம்' என்ற உணர்வு அந்த ஓரப் பார்வையிலிருந்துதான் வருகிறது என்று அவர் நம்பினார்.

இரண்டாம் உலகப்போர் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது. விமானத்தில் உட்கார்ந்து எதிரி விமானத்தைச் சுடுபவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும். ஒவ்வொருவரையும் வானத்துக்கு அனுப்பிப் பழக்கினால் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். வாலர் ஐந்து புரொஜெக்டர்களை வைத்து, குழிவான பெரிய திரையில் பாய்ந்து வரும் விமானங்களைக் காட்டினார். பயிற்சி பெறுபவர் பொய்த் துப்பாக்கியால் சுடவேண்டும். பட்டதா இல்லையா என்பதை இயந்திரம் கணக்கு வைத்துக்கொள்ளும். இன்றைய சிமுலேட்டருக்கு இதைத் தாத்தா என்றே சொல்லலாம்.

போர் முடிந்ததும் ஐந்தை மூன்றாகக் குறைத்து அவர் சினிமாவுக்குக் கொண்டுவந்ததுதான் சினிராமா. 1952 செப்டம்பர் 30-ம் தேதி நியூயார்க்கில் முதல் காட்சி. மூன்று 35 மி.மீ. புரொஜெக்டர்கள், 146 டிகிரி அகலத்துக்கு வளைந்த திரை. முதலில் சின்னச் சதுரத்தில் கறுப்பு வெள்ளையாக ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு திரை விரியும், பார்ப்பவர் ஒரு ரோலர் கோஸ்டரின் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். கதை, கதாநாயகன் எதுவும் இல்லாமலே கூட்டம் அலைமோதியது.

ஒரே ஒரு சங்கடம்: கோடு. மூன்று படங்கள் சேரும் இடத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. அதை மறைக்க, சீப்பின் பல் மாதிரி ஒன்றை புரொஜெக்டருக்குள் வைத்து வேகமாக ஆடவிட்டு ஓரத்தை மங்கச் செய்தார்கள். குறைந்தது, போகவில்லை. மூன்று புரொஜெக்டர், அவற்றை ஓட்டத் தனித்தனி ஆள், ஒன்று பிசகினால் எல்லாம் நிற்கும். 1963-ல் வந்த படத்திலிருந்து சினிராமா என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே அகலப் பிலிமுக்கு மாறிவிட்டார்கள். அகலம் கொடுத்த சுகத்தைத் தொந்தரவு சாப்பிட்டுவிட்டது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

அந்தக் காலத்துக் கார் ரேஸ் கேம்களுக்கு அகலம் பற்றிய கவலையே கிடையாது. அடாரி 1976-ல் விட்ட நைட் டிரைவரில் கறுப்புத் திரை, சாலையோரம் வெள்ளைக் கம்பங்கள், அவ்வளவுதான். காரே திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் படம். நாம்கோவின் போல் பொசிஷன் 1982-ல் வந்து ஜப்பானின் ஃபூஜி மைதானத்தைக் காட்டியபோதும், பார்த்தது அதே ஒற்றை ஜன்னல் வழியாகத்தான்.

அடுத்த வருடமே டட்சுமி என்ற ஜப்பானியக் கம்பெனி டிஎக்ஸ்-1 என்ற ஆட்டத்தில் மூன்று மானிட்டர்களைப் பக்கம் பக்கமாக அடுக்கியது. 1993-ல் நாம்கோ இன்னும் ஒருபடி மேலே போய், நிஜமான யூனோஸ் ரோட்ஸ்டர் காரையே கொண்டுவந்து அகலத் திரைக்கு முன் நிறுத்தியது. சாவி போட்டு, உள்ளே உட்கார்ந்து ரிட்ஜ் ரேஸர் ஓட்டலாம். அதெல்லாம் பொருட்காட்சி சமாசாரம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1999-ல் சேகா கொண்டுவந்த எஃப்355 சேலஞ்ச். உருவாக்கியவர் யூ சுஸுகி. அதன் பெரிய மாடலில் 28 அங்குல மானிட்டர்கள் மூன்று, பக்கத்து இரண்டும் ஓட்டுநரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கிளட்ச் உண்டு, கியர் உண்டு. உள்ளே நான்கு கம்ப்யூட்டர் போர்டுகள்: திரைக்கு ஒன்றாக மூன்று, அந்த மூன்றையும் ஒத்துப்போக வைக்க நான்காவது. மூன்று கிளார்க்கை மேய்க்க ஒரு ஆபீசர் போட்ட மாதிரி :-) பக்கத்துத் திரைகளை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. பக்கத்தில் ஒட்டி வரும் கார் அதில் தெரியும்.

இதே விஷயம் வீட்டுக்கு வர ரொம்ப நாளாயிற்று. 2002-ல் மேட்ராக்ஸ் கம்பெனி, மூன்று மானிட்டர்களில் கேம் ஓட்டும் பார்ஹீலியா கார்டை விட்டது. யோசனை நல்லது, கார்டுக்கு வேகம் போதவில்லை. அப்புறம் அதே கம்பெனி டிரிபிள்ஹெட்2கோ என்று ஒரு சின்னப் பெட்டி விற்றது. மூன்று மானிட்டர்களையும் அதில் சொருகினால், கம்ப்யூட்டர் அதை ஒரே நீள மானிட்டர் என்று நினைத்துக்கொள்ளும். நல்ல ஏமாற்று வேலை. 2008-ல் ஐரேசிங் தொடங்கியது. இந்தியானாபோலிஸ் 500 ஆட்டத்தை 1989-லும் கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸை 1998-லும் எழுதிய டேவ் கேமர்தான் இதற்கும் மூளை. அதற்கடுத்த வருடம் ஏஎம்டி, ஐஃபினிட்டி என்ற பெயரில் ஒரே கார்டில் மூன்று மானிட்டர்களை ஓடவிட்டது. என்விடியா 2010-ல் அதையே கொடுத்தபோது இரண்டு கார்டு கேட்டது. 2012-ல்தான் ஒன்றே போதும் என்றானது. தட்டை மானிட்டர் விலையும் அதே சமயத்தில் இறங்கியது. மூன்று பழைய குண்டு டிவியைத் தாங்கும் மேஜை எந்த வீட்டில் இருந்தது?

இனி நம் வீட்டுக் கதை. நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குள் போனதிலிருந்தே எனக்கு இதில் ஒரு கண். கோயம்புத்தூர்க்காரர் அல்லவா! என் மகனுக்குக் கண், கை, கால் எல்லாமே இதில்தான். கல்லூரி முதலாண்டு. நாக்பூரில் எங்கள் ஹாலின் ஒரு மூலையில் ஸ்டீயரிங், பெடல், ஒரு 24 அங்குல மானிட்டர். மூன்று திரை வேண்டும் என்றான். கடன் கேட்டு வருபவரிடம் கேட்பதைத்தான் அவனிடமும் கேட்டேன்: இல்லாததால் இப்போது என்ன நஷ்டம்?

"திருப்பத்துல பக்கத்துல வர்றவன் தெரியவே மாட்டேங்கறான்ப்பா. உள்ள திரும்பினா அவன் மேலதான் போய் விழறேன். என்கூட ஓட்டவே யோசிக்கறாங்க."

கடைசி வாக்கியம் என்னை உறுத்தியது. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாறி மாறி, ஆறு பள்ளிக்கூடம் பார்த்தவன் அவன். போன ஊர் சினேகிதர்களோடு அவனுக்கு மிச்சம் இருக்கும் ஒரே திண்ணை இந்த ரேஸ்தான். அங்கே இவனை 'இடிக்கிறவன்' என்று ஒதுக்கினால் அது மானிட்டர் பிரச்சினை மட்டும் இல்லை. ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

திரையின் அகலத்தில் பாதியை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதற்கு டான் இன்வெர்ஸ் எடுத்து இரண்டால் பெருக்கினால், அந்தத் திரை நம் கண்ணில் எத்தனை டிகிரி அடைக்கிறது என்று வரும். (நான் பி.காம். டான் இன்வெர்ஸ் போட்டுக் கொடுத்தது மகள்.) 24 அங்குல மானிட்டரின் அகலம் 53 செ.மீ. மேஜைக்குப் பின்னால் அது ஒரு மீட்டர் தள்ளி இருந்தது. விடை 30 டிகிரி. ஆனால் கேமுக்குள் அவன் 90 டிகிரி என்று வைத்திருந்தான், ஓரம் தெரியட்டும் என்று. 90 டிகிரி உலகத்தை 30 டிகிரி ஜன்னலில் அமுக்கினால் எல்லாம் சுருங்கித் தூரமாகத் தெரியும். திருப்பம் தள்ளி இருப்பதுபோல் தோன்றும், பிரேக் தாமதமாகப் போடுவான், இடிப்பான்.

ஆகவே முதல் வேலைக்குச் செலவே இல்லை. மானிட்டரைச் சுவரிலிருந்து ஒரு கம்பித்தாங்கியில் இழுத்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால், கண்ணிலிருந்து 60 செ.மீ.யில் நிறுத்தினோம். இப்போது 48 டிகிரி. கேமிலும் அதே 48. (ஐரேசிங்கில் இது படுக்கைவாட்டுக் கோணம். அசெட்டோ கோர்ஸாவில் செங்குத்துக் கோணம் கேட்பார்கள், அதற்கு அகலத்துக்குப் பதில் உயரத்தைப் போட்டுக் கணக்கிட வேண்டும்.) ஒரு வாரம் திட்டினான். வேகமே தெரியவில்லை, குழாய்க்குள் ஓட்டுவது போல இருக்கிறது என்றான். மூன்றாவது வாரம் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை, பிரேக் போடும் இடம் பிடிபட்டுவிட்டது. தனியாக மணி பார்த்து ஓட்டுபவருக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. இன்னும் இரண்டு மானிட்டருக்குப் பணம் போட வேண்டியதில்லை.

ஆனால் பக்கத்துக் கார்? 48 டிகிரிக்குள் அது வரவே வராது. திரையில் ரேடார் படம் போட்டுக்கொள்ளலாம், 'இடது பக்கம் ஆள்' என்று காதில் சொல்லும் குரலும் உண்டு. இருந்தாலும் ஒன்று சொல்லிக் கேட்பதும் கண்ணில் படுவதும் ஒன்றாகாது. நம் கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் இரண்டு டிகிரி அளவுதான். ஓரத்துக்குக் கூர்மை கிடையாது, அசைவு மட்டும் உடனே உறைக்கும். ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டும்போது பக்கத்தில் வரும் ஆட்டோவை நாம் திரும்பியா பார்க்கிறோம்? பக்கத்துத் திரைகளுக்கு அந்த வேலைதான். கூட்டத்தோடு ஓட்டுபவருக்கு மூன்று திரை அவசியம் என்று வாலரின் கணக்கே சொல்லிவிட்டது.

சினிராமாவை முடித்துவைத்த அந்த ஒற்றைப் பிலிம் மாதிரி இங்கேயும் ஒன்று உண்டு. 2017-ல் சாம்சங் 49 அங்குல வளைந்த மானிட்டரை விட்டது, இரண்டு மானிட்டர்களை ஒட்டிய நீளம். கோடு கிடையாது, வயர் குழப்பம் கிடையாது. ஆனால் 60 செ.மீ.யில் அது 90 டிகிரி சுமார்தான் அடைக்கும். பக்கத்துக் காரின் மூக்கு தெரியும், கதவு தெரியாது. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி (ஆக்குலஸ் ரிஃப்ட் 2016-ல் கடைக்கு வந்தது) தலையைத் திருப்பினால் எதையும் காட்டும். எங்கள் ஊர் மே மாத வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள் பார்ப்போம். சினிராமாவின் கோட்டுத் தொந்தரவு இங்கேயும் தொடர்கிறது. 2018-ல் ஏசஸ், மானிட்டர் சந்திப்பில் வைக்கும் லென்ஸ் பட்டை ஒன்றைக் காட்டியது, சட்டமே தெரியாமல் ஒளியை வளைக்குமாம். அறுபத்தாறு வருடம் கழித்தும் அதே இரண்டு கோட்டை மறைக்கப் பாடு! மகனைக் கேட்டால், காருக்குக் கண்ணாடித் தூண் இருக்கும்தானே அப்பா, அதைப் பார்க்கிற மாதிரிதான் என்கிறான்.

கிராபிக்ஸ் கார்டு பயம் கொஞ்சம் மிகை. 1920-க்கு 1080 என்ற சாதாரண மானிட்டர் மூன்றுக்குப் புள்ளிகள் 62 லட்சம். ஒரே ஒரு 4கே மானிட்டருக்கு 83 லட்சம். பக்கத்துத் திரைகளை முழுக் கூர்மையில் பார்க்கப் போவதில்லை என்பதால் 4கேக்கு ஆசைப்படவே வேண்டாம். ஆனால் கேம் மூன்று கோணங்களைத் தனித்தனியாக வரைய வேண்டும். ஐரேசிங்கும் அசெட்டோ கோர்ஸாவும் வரையும். ஒரே படத்தை இழுத்து விரிக்கும் கேம்களில் ஓரத்துக் கார் ரப்பர் மாதிரி நீளும். எந்த கேமுக்கு வாங்குகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கணக்கு, ஊர் மாறும் குடும்பத்துக்கு. 49 அங்குலத்தைப் பேக் செய்து லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் முழுசாக இறக்குவது தெய்வச் செயல். சாதாரண மானிட்டர் தனித்தனிப் பெட்டியில் போகும். ஒருவேளை இவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் ஒன்று மகளின் படிப்புக்கு, ஒன்று என் மனைவியின் டியூஷனுக்கு. மூன்றும் ஒரே மாடலாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உயரமும் நிறமும் ஒத்துப்போகாது. நல்ல வேளையாக எங்களிடம் இருக்கும் மாடல் இன்னும் கடையில் கிடைக்கிறது. அப்படியானால் செலவு மூன்றுக்கு இல்லை, இரண்டுக்குத்தான்.

மகன் 27 அங்குலமாக மூன்றும் புதிதாக வேண்டும் என்று கடைசி முயற்சி செய்தான். சரியான கோணத்தில் திருப்பி வைத்தால் அதற்கு 132 செ.மீ. இடம் வேண்டும். ஜன்னலுக்கும் என் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன்: 127. கட்டிலை நகர்த்தலாமா என்று அம்மாவிடம் கேட்கும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. 24 அங்குலம் மூன்று என்றால் 125 செ.மீ., சட்டத்தோடு நூல் பிடித்த மாதிரி உட்காரும். இரண்டு மானிட்டருக்கு ஆர்டர் போட்டாயிற்று. 48 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக மூன்று சேர்த்தால் 143 வருகிறது, வாலர் வைத்ததற்கு மூன்று டிகிரி கம்மி.