மாத்தளையில் வீடு தேடுவோர் கேட்க மறக்கும் கேள்விகள்

மாத்தளை நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சிறு பிள்ளைகளுடன் வீடு தேடும் தமிழ், முஸ்லிம் பெற்றோர் தரகரிடம் முதலில் கேட்பது, "அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்பதாகும். வாடகை, தண்ணீர், பாடசாலையின் தூரம் என்பனவெல்லாம் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. இக்கேள்வி பிழையானது என்று நாம் கூற வரவில்லை. அது பிறந்ததற்கான காரணங்கள் இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றிலேயே இருக்கின்றன.

1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாகின. நகரின் அடையாளமாகத் திகழும் ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயமும் அந்நாட்களில் தப்பவில்லை. அதற்கு முன்னர் 1977 கலவரத்தை அடுத்து மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறின. 2012 ஏப்ரல் 20ஆம் திகதி இதே மாவட்டத்தின் தம்புள்ளை நகரில், ஜும்ஆ தினத்தன்று பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2018 மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையில் ஆரம்பமான வன்முறை, மாத்தளையிலிருந்து கண்டி செல்லும் ஏ-9 வீதியிலுள்ள அக்குறணை வரை பரவியது. நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. இவற்றைக் கண்ட பெற்றோர் தம் பிள்ளைகளைத் தம்மவர் நடுவே வளர்க்க விரும்புவதில் வியப்பில்லை.

ஆயினும் அக்கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் கிடைத்தவுடன் மற்றக் கேள்விகளைக் கைவிட்டுவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதன் விலை பெரியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைப் போலவே மாத்தளை மாவட்டமும் மண்சரிவுகளால் பெரும் பாதிப்புக்குள்ளானது. அன்று இடிந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கும் அயலில் சொந்தபந்தங்கள் இருக்கவே செய்தனர்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது மண்ணை. மாத்தளை நகரம் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் உயர்ந்து செல்கிறது. மட்டமான நிலம் கடைகளாலும் பழைய குடியிருப்புகளாலும் எப்போதோ நிறைந்துவிட்டது. இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சரிவுகளில் உள்ள காணித் துண்டுகள். முன்னர் தேயிலையும் கொக்கோவும் மிளகும் வளர்ந்த நிலங்கள் பத்து, பதினைந்து பேர்ச்சஸ் அளவில் பிரிக்கப்பட்டு விற்பனையாகின்றன. சரிவை வெட்டி மட்டமாக்கி, வெட்டிய செங்குத்துச் சுவருக்கு ஓரிரு முழ தூரத்திலேயே சமையலறையைக் கட்டுகிறார்கள். தாங்குசுவர் கட்டுவதற்குப் பணம் மிஞ்சுவதில்லை. நீர் வடிந்தோட வழியும் விடுவதில்லை. அடைமழை பெய்யும் இரவில் அந்த மண் முதலில் விழுவது பின்னறையின் மீது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் உறங்குவதும் அந்தப் பின்னறையில்தான் என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இனங்கண்டவற்றுள் மாத்தளையும் ஒன்று. ரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்கை கோறளை, யட்டவத்தை ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களை மழைக்கால எச்சரிக்கைகளில் வாசகர்கள் அடிக்கடி கண்டிருப்பர். இந்நிறுவனம் அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. அபாய மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு அதன் சிபாரிசு தேவை. ஆனால் கட்டி முடித்த வீட்டை வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் அந்தப் பத்திரத்தைக் கேட்பது அரிது. "வாடகைக்குத்தானே இருக்கப் போகிறோம்" என்ற அலட்சியமே இதற்குக் காரணம். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபார்க்கும் அளவுக்கு முன்னெச்சரிக்கையுள்ளவர்கள்கூட, அந்த உறுதி எழுதப்பட்ட நிலம் நிலைத்து நிற்குமா என்று கேட்பதில்லை.

நிறுவனம் மூன்று கட்டங்களாக எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுவதற்கு ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். கைக்குழந்தையுடன் நள்ளிரவில் வெளியேறுவதற்கு அந்தத் தெருவில் எத்தனை வழிகள் உள்ளன என்பதையும் வீடு பார்க்கும்போதே கவனிப்பது நல்லது. ஒரே ஒரு படிக்கட்டுப் பாதை, அதுவும் நீரோடையைக் கடந்து செல்வதாயின், அந்த வீட்டை மறந்துவிடலாம்.

நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், சரிவிலிருந்து திடீரெனக் கசியும் கலங்கல் நீர், காரணமின்றி இறுகிப்போன கதவுகள் ஆகியன மண் நகர்வதன் அறிகுறிகள். புதிதாகப் பூசிய சுவர்கள் இவற்றை மறைக்கும். அயல்வீட்டுச் சுவர் மறைக்காது. தரகர்கள் மழையற்ற மாசி, பங்குனியில் வீடு காட்டுவதையே விரும்புவர். நாமோ ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் ஒரு பிற்பகலில் சென்று பார்க்குமாறு கூறுவோம்.

பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டதை மலையகம் மறக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறிடம் இல்லாத தொழிலாளருக்கு எச்சரிக்கையால் என்ன பயன் என்பது வேறு விடயம். அதற்குப் பதில் கூற வேண்டியவர்கள் அரசும் தோட்ட நிருவாகங்களுமே. நகரில் வீடு தேடும் குடும்பத்திற்கு, வசதி குறைவாயினும், தெரிவு செய்யும் வாய்ப்பு ஓரளவுக்கேனும் உண்டு.

தாழ்நிலத்திற்கு வேறு தொல்லை. சுது கங்கையோரத்திலும் அதில் வந்து சேரும் ஓடைகளின் கரைகளிலும் வீடு பார்ப்போர், வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அயலவரிடம் கேட்டறிய வேண்டும். அக்குறணை நகரைப் பிங்கா ஓயா எத்தனை தடவை மூழ்கடித்தது என்பதை அவ்வழியே பயணம் செய்யும் மாத்தளை வாசிகள் நன்கு அறிவர். ஓடைக்கான இடத்தை அடைத்துக் கட்டினால் நீர் வீட்டுக்குள்தான் வரும். காணியிலோ பக்கத்து வளவிலோ சுற்றுக்கட்டு இல்லாத கிணறு இருந்தால், அதற்குக் கட்டும் மூடியும் இடப்படும்வரை முற்பணம் கொடுக்கலாகாது. தவழும் பிள்ளைக்கு மலையைவிட அருகிலுள்ள ஆபத்து அதுவே. நகரின் நடுவே செல்லும் ஏ-9 வீதியும் அத்தகையதே. பிரதான வீதியைக் கடக்காமல் பிள்ளை பாலர் பாடசாலைக்குச் செல்ல முடியுமாயின், அதற்காகச் சற்றுக் கூடுதலான வாடகையைக் கொடுப்பதில் தவறில்லை.

டெங்கு பற்றி நாம் எழுதாத ஆண்டில்லை. 2017இல் நாடளாவிய ரீதியில் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் அதிகமானோர் அந்நோய்க்கு ஆளாயினர். அதைப் பரப்பும் நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றருக்குள்ளேயே சுற்றித் திரிவது. ஆகவே நம் வளவைத் துப்புரவாக வைத்திருந்தால் மட்டும் போதாது. பக்கத்துப் பாழடைந்த வீடும், பாதியில் நின்றுபோன கட்டடமும், பழைய டயர் குவித்த திருத்தகமும் நம் பிள்ளையின் உடல்நலத்தில் பங்காளிகள்.

பாடசாலை விடயத்தில் பெற்றோர் செய்யும் தவறு காலம் சார்ந்தது. பாக்கியம் தேசியக் கல்லூரி, இந்து தேசியக் கல்லூரி, சாஹிரா கல்லூரி, ஆமினா மகளிர் பாடசாலை என்று மாத்தளையில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் முதலாம் தர அனுமதியில் வதிவிட அண்மைக்கு வழங்கப்படும் புள்ளிகள், கடந்த ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அம்முகவரியில் உள்ளதா என்பதையும் கொண்டே கணிக்கப்பட்டு வந்துள்ளன. பிள்ளைக்கு நான்கு வயதானதும் பாடசாலைக்கு அருகே வீடு மாறுவோர் ஏமாற்றமடைவது இதனால்தான். பிள்ளை பிறந்த ஆண்டிலேயே இதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு இருப்போர் தம் பெயரை இடாப்பில் பதிய வீட்டுக்காரர் இணங்குவாரா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்வது அவசியம். தயங்கும் வீட்டுக்காரர்கள் பலர் உளர்.

இனி, "நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்ற கேள்விக்கு மீண்டும் வருவோம். அதைச் சற்று மாற்றிக் கேட்கலாம் என்பது எமது எண்ணம். கொங்காவளையிலோ மந்தண்டாவளையிலோ உக்குவளையிலோ, எங்காயினும், அத்தெருவில் மரணாதார சங்கம் உண்டா, அதில் யார் யார் அங்கத்தவர்கள் என்று விசாரியுங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் சந்தா செலுத்தி, மூவரின் மரண வீட்டிலும் கதிரை தூக்கும் தெரு, கெட்ட காலத்திலும் ஓரளவு தாங்கும். 1983இல் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்கள் அத்தகைய பழக்கத்தின் வழியே வந்தவர்கள். தனித்து ஒதுங்கிய ஒரே சமூகத் தெருவை அடையாளம் காண்பது கலகக்காரருக்கும் எளிது என்பதைத் திகன நமக்குக் காட்டியது. கோயில் மணியும் பாங்கொலியும் கேட்கும் தூரத்தில் வாழ விரும்புவது இதற்கு முரணானதல்ல. குர்ஆன் மத்ரஸாவும் அறநெறிப் பாடசாலையும் நடந்து செல்லும் தூரத்தில் இருப்பது பெற்றோருக்குப் பெரும் ஆறுதல்.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது? தரகரிடமல்ல. அப்பகுதியின் குடும்ப நல மாதுவுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் ஈரம், எந்த ஒழுங்கையில் பிள்ளைகள் அடிக்கடி நோயுறுகின்றனர் என்பதை அவர் கோப்பைப் பார்க்காமலே சொல்வார். டெங்கு பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், வெள்ளமும் மண்சரிவும் பற்றிக் கிராம உத்தியோகத்தரும் அறிவர். மாலையானதும் ஒழுங்கை முனையில் கூடுவோர் யார், ஐஸ் போன்ற போதைப்பொருள் எங்கே கைமாறுகிறது என்பதைத் தரிப்பிடத்து முச்சக்கர வண்டிச் சாரதியைவிட அறிந்தவர் இல்லை. அவரிடமே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: இரவு இரண்டு மணிக்கு, மழையில், அந்த வீட்டு வாசலிலிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? 1990 அம்புலன்ஸ் வண்டி அந்த ஒழுங்கைக்குள் நுழையுமா?