ஜோ லூயிஸ்

ஜோ லூயிஸ் (1914–1981) அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன். இயற்பெயர் ஜோசப் லூயிஸ் பாரோ. அலபாமாவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, டெட்ராய்டில் வளர்ந்தார். 1934-இல் தொழில்முறை வீரரானார். கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சன் 1915-இல் அந்தப் பட்டத்தை இழந்தபின் எந்தக் கறுப்பருக்கும் அதற்காக மோதும் வாய்ப்புத் தரப்படவில்லை. 1937-இல் அப்போதைய சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாம் சுற்றில் வீழ்த்தி லூயிஸ் அந்தத் தடையை உடைத்தார்.

அவர் வாழ்வின் உச்சம் 1938 ஜூன் 22. ஈராண்டுக்கு முன் தம்மைத் தோற்கடித்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் 124 நொடிகளில் சாய்த்தார். ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர். ஆனால் அவரை ஆரிய மேன்மையின் சான்றாக ஹிட்லர் அரசு காட்டிவந்தது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஒரு கறுப்பு வீரரின் வெற்றியைக் கொண்டாடியது அன்றைய அமெரிக்காவில் பெரும் செய்தி.

இடது கையின் நேர்க்குத்தும், மிகக் குறுகிய தொலைவிலிருந்தே பாயும் வலக்கைக் குத்தும் அவருடைய பலம். பட்டத்தை 25 முறை காத்தார்; ஹெவிவெயிட் பிரிவில் இச்சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

1942-இல் இரு போட்டிகளின் வருவாயைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அளித்தார்; அதே ஆண்டில் ராணுவத்திலும் சேர்ந்தார். அப்படிப்பட்டவரை வருமான வரித்துறை பின்னாளில் பெருங்கடனாளியாக்கியது பெரும் அநீதி. கடனுக்காகவே ஓய்விலிருந்து மீண்டும் களமிறங்கி, எஸ்ஸார்டு சார்ல்ஸிடமும் 1951-இல் ராக்கி மார்சியானோவிடமும் தோற்றார். ஷ்மெலிங் பிற்காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பரானார். இறுதிச் சடங்கின் செலவிலும் பங்கேற்றார்.