மிளகாய்: பெயரும் மருந்தும்

மிளகாய்ச் சத்தைத் தோலின்மேற் பூசி நோவு தணிக்கும் முறை பண்டைத் தமிழ் மருத்துவமே என எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சங்க நூல்கள் கூறும் 'கறி' மிளகேயாகும். யவனர் பொன்னொடு வந்து அதனைக் கொண்டு சென்ற செய்தி அகநானூற்றின் 149ஆம் பாடலில் உள்ளது. மிளகாயோ அமெரிக்க நிலத்துச் செடி. கொலம்பசு 1492இல் அந்நிலத்தை அடைந்த பின்னரே அஃது ஐரோப்பாவிற்குச் சென்றது. 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. காரத்தால் மிளகை ஒத்தமையின், மிளகொடு காய் என்னுஞ் சொல்லைக் கூட்டி மிளகாய் என்றனர் தமிழர். இசுப்பானியரும் மிளகின் பெயரையொட்டியே அதற்குப் பெயரிட்டனர். ஆயினும் பெயரொப்புமை இனவொப்புமை ஆகாது. மிளகு கொடி, மிளகாய் கத்தரிக் குடும்பத்துச் செடி. முன்னதன் காரப்பொருள் பைப்பெரின். பின்னதன் காரப்பொருள் கேப்சைசின்.

இனி மருந்தின் வரலாற்றைக் காண்போம். 1850இல் டப்ளின் நகரில் வெளிவந்த குறிப்பொன்று மிளகாய்ச் சத்தைப் பல்வலிக்குப் பரிந்துரைத்தது. 1876இல் திரெசு என்பார் காரப்பொருளுக்குக் கேப்சைசின் எனப் பெயரிட்டார். 1940களில் அங்கேரிய அறிஞர் யாஞ்சோ ஓர் உண்மையைக் கண்டார்: அப்பொருளைப் பன்முறை பெற்ற விலங்குகள், எரிவூட்டும் பிற பொருள்களாலும் நோவுறவில்லை.

எரிப்பதே எரிவை அவிப்பது எங்ஙனம்? 1997இல் டேவிட் சூலியசு குழுவினர் இதற்குரிய நரம்பு வாயிலைக் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 செல்சியசு பாகை வெப்பத்தில் திறக்கும் அவ்வாயிலைக் கேப்சைசினும் திறக்கின்றது. அதனாற்றான் காரம் சூடாகத் தோன்றுகின்றது. மிகுதியாகத் தூண்டப்பெற்ற நரம்பு நுனிகள் பின்னர்ச் செயலடங்குகின்றன, நோவும் தணிகின்றது. நூற்றுக்கு 8 பங்கு கேப்சைசின் கொண்ட ஒட்டுமருந்து 2009இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அக்கிப் புண் ஆறிய பின்னும் நீடிக்கும் நரம்பு வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் அதனை ஒரு மணி நேரம் ஒட்டுவர். பயன் பெறுவார்க்கு அது மூன்று திங்கள் வரை நிற்றலுண்டு. எல்லார்க்கும் ஒரே அளவிற் பயன் தருவதன்று. சூலியசு 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஆர்டெம் பட்டப்பூட்டியனோடு பகிர்ந்துகொண்டார்.

ஆகலின், பழஞ்சித்தர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலொன்றில் மிளகாய் கூறப்படின், அப்பகுதி 16ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது. மிளகிற்குரிய சான்றுகளை மிளகாய்க்கு ஏற்றுதலும் கூடாது. தமிழ் மருத்துவத்தின் தொன்மைக்கு இதனால் இழுக்கில்லை. நூலின் காலத்தை வரையறுப்பார்க்கு மிளகாய் என்னும் ஒரு சொல்லே நல்ல அளவுகோல் என யாம் கருதுகின்றோம்.