காலி மனை

வீட்டுக் கடன் மனு ஒன்று என் மேஜைக்கு வரும்போது அந்த மனையின் 30 வருஷச் சரித்திரமும் கூட வந்துவிடுகிறது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. யார் விற்றார், யார் அடகு வைத்தார், மைனர் பங்கு உண்டா என்று வக்கீல் பார்த்து எழுதித் தருகிறார். நம் சமூகம் சரித்திரத்தை இவ்வளவு சிரத்தையுடன் வாசிக்கும் இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஊர் தாண்டியதும் சிப்காட் வரும். காரைக்காடும் குடிகாடும் அங்கேதான். 1960களில் காரைக்காட்டில் தோண்டியபோது, 1945இல் அரிக்கமேட்டில் வீலர் கண்ட வகைப் பாண்டங்களும் மணிகளும் கிடைத்தன. 1980களில் ரசாயன ஆலைகள் வந்தன. இன்னும் தெற்கே மணிக்கொல்லை. மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வுப் பட்டியலில் அது இடம்பெற்றது 2025இல். அந்த மண்ணுக்கு ஊரின் பெயரே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது முளைக்கும் மனைப்பிரிவுகளுக்கு அப்படிச் சாட்சி சொல்லும் பெயர்கூட இல்லை. எல்லாம் ஏதோ ஒரு நகர், ஏதோ ஒரு அவென்யூ.

இங்கிலாந்தில் 1990இல் வந்த திட்ட வழிகாட்டுதலுக்குப் பின், வீடு கட்ட அனுமதி தருமுன் வயலின் குறுக்கே நீண்ட ஒடுக்கமான சோதனைக் குழிகள் வெட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பல்லில்லாத வாளி பொருத்திய இயந்திரம் மேல்மண்ணை மெல்லச் சீவும். பெரும்பாலும் நிலத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குதான் திறக்கப்படும். செலவு கட்டுகிறவனுடையது. ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும் எழுதி வைக்கிறார்கள்.

நம் சட்டத்தின் 2010 திருத்தம், ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத்தைத் தடுக்கிறது. யாரும் அறியாத மண்ணுக்கு அந்த 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமோ, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது கிடைத்தால் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. பானை ஓட்டுக்கு என்ன பெறுமானம்?

போன வருஷம் மானேஜருடன் மனை பார்க்கப் போனேன். கடைக்கால் குழியின் பக்கச் சுவரில், முழங்கால் ஆழத்தில், கறுப்பும் சிவப்புமாக ஓடுகள். கடன் கேட்டவர் பயந்துபோய், "ஏதாவது தோஷமா சார்?" என்றார். "உடைஞ்ச சட்டிதான்" என்றேன். நான் வாயைத் திறந்திருந்தால் நின்றிருப்பது அவருடைய ஆயுள் சேமிப்பு. மனை போட்டு விற்றவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே குழி வெட்டிப் பார்க்கவேண்டிய கட்டம் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் கட்டம்தான்; கல் நடுவதற்கு முன், விற்பவர் செலவில். தனி மனிதனின் கடைக்காலில் அதைச் சுமத்துவது அநியாயம்.

இது நியாயமான வாதம் என்றே நம்புகிறேன். ஆனால் அன்று என் மௌனத்துக்கு இந்த வாதம் காரணமில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். படிவத்தில் 'நிலத்தின் தன்மை' என்ற இடத்தில் வழக்கம்போல் 'காலி மனை' என்று எழுதினேன்.