நஞ்சும் நுண்ணங்கியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆசனிக்கு ஒரு மூலகம்; அதனை எவ்வுயிரும் அழித்தல் இயலாது. ஆயின் அதன் வடிவத்தை மாற்றும் ஆற்றல் நுண்ணங்கிகளுக்கு உண்டு. இவ்வுண்மையை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு, ஐரோப்பிய இல்லங்களின் சுவர்களிலிருந்து தொடங்குகின்றது.

1775 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே, செப்பும் ஆசனிக்கும் சேர்ந்த பச்சை நிறப்பொருளொன்றை ஆக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய பச்சைகள் சுவர்த்தாள்களை அணிசெய்தன. ஈரலிப்பான அறைகளில் வாழ்ந்தோர் நோயுற்றனர். 1839 இல் ஜேர்மனியரான குமெலின் இச்சுவர்த்தாள்களின் தீங்கு குறித்து எச்சரித்தார். ஆயினும் காரணம் தெளிவாகவில்லை.

1890களில் இத்தாலிய மருத்துவர் பாத்தொலோமியோ கோசியோ, ஆசனிக்குச் சேர்வை கலந்த உருளைக்கிழங்கு மசியலிற் பூஞ்சணத்தை வளரவிட்டார். உள்ளிமணம் கமழும் வாயுவொன்று வெளிப்பட்டது. அது ‘கோசியோ வாயு’ எனப் பெயர்பெற்றது. 1930களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சலெஞ்சர், அது மூமெதைல் ஆசீன் என நிறுவினார். ஆசனிக்கு அணுவுடன் மெதைற் கூட்டங்களைப் பூஞ்சணம் படிப்படியாக இணைப்பதே இம்மாற்றமாகும். எனினும் அவ்வாயுவே மாந்தரைக் கொன்றது என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. அதன் நச்சுத்தன்மை குறைவென 2005 இல் வெளிவந்த மீளாய்வொன்று எடுத்துக்காட்டியது.

இதற்கிடையில், 1918 இல் தென்னாபிரிக்காவிற் கால்நடைகளை அமிழ்த்தும் ஆசனிக்குக் கரைசலிலிருந்து, ஆசனைற்றை ஆசனேற்றாக ஒட்சியேற்றும் பற்றீரியா பிரித்தெடுக்கப்பட்டது. இதற்கு எதிரான மாற்றமே வங்காளத்தின் அவலத்திற்குத் துணைபோயிற்று. 1970களில், அசுத்தமான குளத்துநீரால் விளைந்த நோய்களைத் தவிர்க்கும் நல்லெண்ணத்துடன் பங்களாதேசத்திற் குழாய்க்கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. 1993 இல் அந்நீரில் ஆசனிக்கு இருப்பது தெரியவந்தது. மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது இலட்சம் வரையான மக்கள் ஆபத்துக்கு உட்பட்டிருக்கலாம் என 2000 ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. ஒட்சிசனற்ற வண்டலிற் சேதனப் பொருளை உண்டு வாழும் பற்றீரியாக்கள், ஒட்சிசனுக்குப் பதிலாக இரும்பொட்சைட்டையும் ஆசனேற்றையும் பயன்படுத்துகின்றன. அதனால் இரும்பிற் பிணிப்புண்டிருந்த ஆசனிக்கு, எளிதிற் பரவும் ஆசனைற்றாகி நீரிற் கலக்கின்றது. இச்செயலிற் பற்றீரியாக்களுக்குள்ள பங்கை 2004 இல் வங்காள வண்டலைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு தெளிவாக்கியது.

ஆகவே நுண்ணங்கி நண்பனுமன்று, பகைவனுமன்று. ஒட்சியேற்றும் பற்றீரியாக்கள் ஆக்கும் ஆசனேற்றை இரும்பொட்சைட்டில் எளிதாகப் படியவைத்து நீரைத் தூய்மையாக்கலாம். சுவர்த்தாளின் அழகை மட்டும் நோக்கியோர் ஒருவகையிலும், கிணற்றுநீரின் தெளிவை மட்டும் நோக்கியோர் மற்றொரு வகையிலும் ஏமாந்தனர். கண்ணுக்குப் புலனாகாதவற்றைச் சோதித்தறிந்த பின்னரே மக்கள் நலத்திட்டங்கள் வகுக்கப்படல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.